வம்பு பண்ணாத ஆள்

"யாராவது ஒருத்தரப் பிடிச்சுக் கூட்டிட்டு வாம்மா," என்றார் பெரிய டாக்டர். "வம்பு பண்ணாத ஆளா இருக்கட்டும்."

சின்னவள் தலையாட்டினாள். அந்த ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஆராய்ச்சி நர்ஸ் வேலை. பெயர் கேட்கத்தான் பெரிது; டாக்டருக்கும் நோயாளிக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் ஏச்சு வாங்குவதுதான் உண்மையில் வேலை. வீட்டில் இரண்டு பெண்களில் இளையவள் என்பதால் சின்னவள். தலை நரைக்க ஆரம்பித்த பிறகும் அந்தப் பெயர் அவளை விட்டுப் போகவில்லை.

விஷயம் இதுதான். மூட்டுவாதக்காரர்களுக்குக் காலையில் எழுந்ததும் விரல்கள் மடங்காது, மடங்கினால் நீளாது. அந்தக் காலை இறுக்கத்துக்கு ஒரு புது மாத்திரை வந்திருந்தது. அது கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். பாதிப் பேருக்கு மாத்திரை, மீதிப் பேருக்கு அதே நிறத்தில் மருந்தில்லாத வெறும் மாத்திரை. யார் எதைச் சாப்பிடுகிறார்கள் என்பது அவர்களுக்கும் தெரியாது, சின்னவளுக்கும் தெரியாது. நோயாளிகள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. எழுந்த அரைமணி நேரத்துக்குள் கைபேசியைத் திறந்து, திரையில் ஒரு கோட்டின் மேல் நிற்கும் புள்ளியைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து, இறுக்கம் எவ்வளவோ அவ்வளவு தூரம் இழுத்துவிட வேண்டும். முடிவில் விரலாலேயே கையெழுத்து. அரைமணி தாண்டினால் திரை தானாக மூடிக்கொள்ளும்.

எல்லாம் தயார். அந்த நேரம் பார்த்து அனுமதி தரும் குழு ஒரு புது விதி போட்டது: திட்டம் வகுக்கும்போதே நோயாளி ஒருவரையும் கூட உட்காரவைத்துப் பேசியிருக்க வேண்டும். பெரிய டாக்டர் கெட்ட மனிதர் இல்லை. கைராசிக்காரர் என்று பெயரெடுத்தவர். ஆனால் காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்ட அவசரம் எப்போதும். "இது ஒழுங்கா முடிஞ்சா புதுப் பிரிவுக்கு நீதான் பொறுப்பு," என்று சின்னவளிடம் சொல்லியும் வைத்திருந்தார்.

சின்னவள் நடைக்கூடத்தில் பெஞ்சுகளில் காத்திருந்தவர்களை ஒரு நோட்டம் விட்டாள். ஒருவர் வாயைத் திறந்தால் மூடமாட்டார். ஒரு அம்மா எதைக் கேட்டாலும் அழுதுவிடுவார். இன்னொருவர் எதைச் சொன்னாலும் "ஏன், எதுக்கு?" என்று பிடித்துக்கொள்வார். கடைசி ஆள்தான் அந்த விதிக்கு ஏற்ற ஆள் என்பது அவளுக்கு அப்போதே தெரியும். தெரிந்துதான் ஒதுக்கினாள்.

அப்புறம்தான் அக்காவின் நினைவு வந்தது. அக்காவுக்குப் பல வருடமாக இதே நோய். வேறு இடத்தில் வைத்தியம் பார்க்கிறாள், அதனால் இங்கே யாருக்கும் அவளைத் தெரியாது. வம்பு என்ற சொல்லுக்கு அர்த்தம் தெரியாதவள். அடுத்த தெருவில் தனியாக இருக்கிறாள். குடும்பத்தில் அவளுக்கு மகாராணி என்று கேலிப் பெயர், ஏனென்றால் வெயில் ஏறும்முன் அவளை வெளியே யாரும் பார்த்ததில்லை. "மகாராணி இன்னும் எழுந்திருக்கல போல" என்று சின்னவளின் புருஷன் சொல்லுவான். சின்னவளும் சிரிப்பாள்.

"நானா? டாக்டருங்க கூடச் சரிசமமா உக்காந்தா?" அக்காவுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. "என்னென்ன சொல்லணும்னு இப்பவே மனசுல வருதுடி."

"நீ ஒண்ணும் மண்டைய ஒடச்சுக்க வேணாம்க்கா. கேட்டா நல்லாருக்குன்னு சொல்லு, போதும். அப்புறம்... அங்க நான் உன் தங்கச்சின்னு காட்டிக்காத. சொந்தக்காரங்களக் கூட்டிட்டு வந்தேன்னு ஆயிடும். மேடம்னு கூப்பிடு."

"உன்னையா?" அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். "மூக்கு ஒழுகிட்டு என் பின்னாடியே திரிஞ்சவள நான் மேடம்ங்கணுமா? சரிங்க மேடம். அப்படியே ஆகட்டும் மேடம்."

சின்னவளும் சேர்ந்து சிரித்தாள். அன்றைக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

கூட்டத்தன்று அக்கா தன்னிடம் இருந்ததிலேயே நல்ல துணியை உடுத்திக்கொண்டு வந்தாள். நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். பெரிய டாக்டர், புள்ளிவிவரம் பார்க்கிற கணக்குக்காரர், சின்னவள், அக்கா. வேறு யாரும் இல்லை. கோப்பையில் தேநீர் வந்தது. அக்கா அதைத் தொடவே இல்லை. கோப்பையின் காது அவள் விரலுக்கு ஒத்துவராது என்று யாருக்கும் தோன்றவில்லை.

பெரிய டாக்டர் சுவரில் விழுந்த படத்தைக் காட்டி எல்லாவற்றையும் விளக்கினார். புள்ளி, கோடு, அரைமணி, கையெழுத்து. பிறகு அக்காவின் பக்கம் திரும்பி, "உங்களுக்கு எப்படிப் படுதும்மா?" என்று கேட்டார். நிஜமாகவே கேட்டார். அதையும் சொல்ல வேண்டும்.

அக்கா தொண்டையைச் செருமினாள். "டாக்டர், காலையில கை வந்து..." என்று தொடங்கினாள்.

மேஜைக்கு அடியில் சின்னவள் அவள் காலை மிதித்தாள்.

யோசித்துச் செய்தது என்று சொல்ல முடியாது. விருந்தாளி முன்னால் உளறப்போகும் பிள்ளையைக் கிள்ளுவதுபோல், சட்டென்று. அக்கா என்ன சொல்லவந்தாள் என்றுகூட அவளுக்குத் தெரியாது. எதையோ சொல்லவந்தாள் என்பது மட்டும் தெரிந்தது. அது போதுமானதாக இருந்தது.

அக்காவின் முகம் ஒரு கணம் சுருங்கியது. பிறகு வாக்கியத்தை எப்படியோ வளைத்து முடித்தாள். "...காலையில கைபேசிய எடுத்துப் பாக்கறது நல்லாத்தான் இருக்கும் டாக்டர். எங்களயும் விசாரிக்க ஆள் இருக்குன்னு சந்தோஷமா இருக்கும்."

"கேட்டுக்குங்க!" என்று பெரிய டாக்டர் மேஜையைத் தட்டினார். "நோயாளிங்களே விரும்பறாங்க." அந்த வாக்கியத்தை அப்படியே அனுமதிக் குழுவுக்கு எழுதி அனுப்பினார்கள். குழுவும் மகிழ்ந்துபோய் அனுமதி தந்தது.

திரும்பும் வழியில் பேருந்து நிறுத்தத்தில் அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாள். கால்விரல் முட்டிகள் சிவந்து தடித்திருந்தன. இந்த நோய் கைவிரலைப் பிடிப்பதுபோலவே கால்விரலையும் பிடிக்கும். சின்னவளுக்கு அது பாடம், மனப்பாடமாகத் தெரியும்.

"வலிக்குதாக்கா?"

"ஒண்ணுமில்லடி. நான் தப்பா எதுவும் சொல்லிடலியே?"

இல்லை என்றாள் சின்னவள். அதற்குள் பேருந்து வந்துவிட்டது, அதோடு அந்தப் பேச்சும் போனது.

ஆராய்ச்சி தொடங்கியது. காலையில் யாருடைய பதில் வரவில்லை என்று பார்த்து அவர்களைக் கூப்பிட்டு நினைவூட்டுவது சின்னவளின் வேலை. முதலில் இனிமையாகத்தான் பேசினாள். போகப்போகக் குரலில் சூடு ஏறியது. "தூங்கி எழுந்து ரெண்டு நிமிஷம் ஒதுக்க முடியலையா?" "உங்க நல்லதுக்குத்தானே செய்யறோம்?" அவர்களும் மன்னிப்புக் கேட்டார்கள். மறந்துவிட்டேன் என்றார்கள், பேரன் கைபேசியை எடுத்துக்கொண்டான் என்றார்கள். ஆஸ்பத்திரிக்காரர்களிடம் உண்மையைவிடச் சாக்குச் சொல்வது சுலபம்.

ஒருத்தி மட்டும் சாக்குச் சொல்லவில்லை. சலவைக்கடை வைத்திருந்த அம்மா. தானே கூப்பிட்டுப் பேசினாள்.

"நர்ஸம்மா, எழுந்தவுடனே அந்தப் புள்ளி நகர மாட்டேங்குதும்மா. மத்தியானம் போடட்டுமா?"

"மத்தியானம் போட்டாக் கணக்குல வராது. எழுந்த அரைமணிக்குள்ள போடணும்னுதானே படிச்சுப் படிச்சுச் சொன்னேன்?"

"இல்லம்மா, காலையில கை..."

"மத்தவங்க எல்லாரும் போடறாங்களே? அவங்களுக்கு மட்டும் கை இல்லையா?" என்றாள் சின்னவள். வரிசையாக அதற்குப் பிறகும் வெற்று நாட்கள் வரவே, ஒத்துழைப்பு இல்லை என்று காரணம் போட்டு அந்த அம்மாவை ஆராய்ச்சியிலிருந்து நீக்கச் சொன்னாள். மிச்ச மாத்திரைகளைத் திருப்பிக் கொடுக்க அவள் வந்தபோது சின்னவள் வேறு வேலையாக இருந்தாள். வாங்கி மேஜையில் வைக்கச் சொன்னாள், அவ்வளவுதான். அன்று வீட்டுக்குப் போகிற வழியில் அக்காவிடம் இதையெல்லாம் சொல்லி அலுத்துக்கொண்டாள். அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

ஆராய்ச்சி பாதித் தூரம் வந்ததும் கணக்குக்காரர் பெரிய டாக்டரின் அறைக்கு வந்தார். முகம் சரியில்லை.

"டாக்டர், மாத்திரை சாப்பிடறவங்களுக்கும் இறுக்கம் கம்மி, வெறும் மாத்திரைக்காரங்களுக்கும் இறுக்கம் கம்மி. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி. இவங்களுக்கு நோயே இல்லையான்னு சந்தேகமா இருக்கு. அதோட ஏகப்பட்ட நாள் பதிலே இல்லாம வெத்தாக் கெடக்கு."

"அப்ப மாத்திரைக்குச் சக்தியில்லன்னு எழுதி மூட்டை கட்ட வேண்டியதுதான்," என்றார் பெரிய டாக்டர் கசப்போடு. "மூடறதுக்கு முன்னாடி ஒரு கூட்டம் போடணும். அந்த நோயாளி உறுப்பினரையும் கூப்பிடு."

வாசலருகே நின்றிருந்த சின்னவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. 'காலையில கை வந்து.' 'காலையில கை.' ஒரே வாக்கியத்தை இரண்டு பேர் அவளிடம் சொல்லவந்திருக்கிறார்கள். இரண்டு பேரையும் அவள் அதற்குமேல் சொல்லவிடவில்லை.

மறுநாள் வேலைக்குப் போகும்முன், பொழுது நன்றாக விடிவதற்குள், அக்கா வீட்டுக் கதவைத் தட்டினாள். இத்தனை வருடத்தில் அந்த நேரத்தில் அவள் அங்கே போனதே இல்லை.

"வரேன், வரேன்," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. ஆள் வரவில்லை. கால் தேய்த்து நடக்கும் சத்தம். பிறகு தாழ்ப்பாள் அசைந்தது, நின்றது. மறுபடி அசைந்தது. அக்கா மணிக்கட்டால் அதைத் தள்ளிக்கொண்டிருந்தாள் என்பது கதவு திறந்த பிறகுதான் தெரிந்தது. விரல்கள் பத்தும் உள்ளங்கையைப் பார்த்து வளைந்து, விறைத்து நின்றன. பின்னால் அடுப்பங்கரை மேஜையில் ஒரு வட்டிலில் வெந்நீர் ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

"என்னடி இந்நேரத்துல? யாருக்கும் ஒண்ணுமில்லையே?"

சின்னவள் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகாராணி.

"தெனமும் இப்படித்தானாக்கா?"

"தண்ணியில வச்சு வச்சு எடுத்தா வெயில் வர்றதுக்குள்ள சரியாயிடும். சில நாள் நல்லாவே இருக்கும். அன்னைக்கெல்லாம் சீக்கிரமே எழுந்து திரிவேன்."

நல்ல நாளில் புள்ளி நகரும். மோசமான நாளில் நகராது. அரைமணி தாண்டித் திரை மூடிக்கொள்ளும். ஆராய்ச்சிக்குக் கிடைத்ததெல்லாம் நல்ல நாட்கள் மட்டும். கை விறைத்தவர்களிடம், எவ்வளவு விறைத்திருக்கிறது என்று விரலால் எழுதிக் காட்டச் சொல்லியிருக்கிறார்கள். ஒருவேளை நல்ல மருந்தாகவே இருக்கக்கூடியது இதனால் குப்பைக்குப் போகப்போகிறது.

"அன்னைக்கு இதத்தானே சொல்ல வந்தே?"

"ஆமா."

"அப்புறமாவது என்கிட்டச் சொல்லியிருக்கலாமே!"

"நீதான் வேணாம்னியே." அக்கா குரலில் குத்தல் எதுவும் இல்லை. "மிதிச்சா ஒரு காரணம் இருக்கும்னு நெனச்சேன். உன் வேலை உனக்குத்தானே தெரியும்? ஏன், ஏதாவது ஆயிடுச்சா? உனக்கு ஒண்ணும் கெட்ட பேரு வராதே?"

கூட்டம் இருக்கிறது என்று மட்டும் சொன்னாள் சின்னவள்.

இரண்டாவது கூட்டத்தில் தேநீர் வரவில்லை. கணக்குக்காரர் தன் தாள்களை விரித்து வைத்திருந்தார். சின்னவள் விரல் இறுக்கத்தையும் அரைமணியையும் பற்றி எடுத்துச் சொன்னாள். நன்றாகத்தான் சொன்னாள். தானே கண்டுபிடித்ததுபோலச் சொன்னாள். காலை மிதித்ததைப் பற்றி மூச்சு விடவில்லை.

பெரிய டாக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பிறகு பழைய அறிக்கையைப் புரட்டினார். "இதுக்காகத்தானே ஒரு நோயாளியவே கூப்பிட்டுக் கேட்டோம்? 'காலையில கைபேசிய எடுத்துப் பாக்கறது நல்லாத்தான் இருக்கும்'னு சொன்னது நீங்கதானேம்மா?"

"ஆமாங்க டாக்டர்," என்றாள் அக்கா.

"உங்களுக்கே காலையில கை மடங்காதில்ல? அத ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

அக்கா சின்னவளைப் பார்க்கவில்லை. மடியில் கிடந்த தன் கைகளைப் பார்த்தாள். "எனக்குத் தோணல டாக்டர். பெரியவங்க பேசற எடம்... நான் என்னத்தக் கண்டேன்."

"சரி, சரி. உங்கள ஒண்ணும் சொல்லல." பெரிய டாக்டரின் குரல் இளகியது. விவரமில்லாதவர்களிடம் வருகிற இளக்கம் அது. சின்னவளிடம் திரும்பி, அக்கா அங்கே இல்லாததுபோல், "அடுத்த தடவை கொஞ்சம் வெவரமான ஆளாப் பாரும்மா," என்றார்.

சின்னவளுக்கு முதலில் வந்தது நிம்மதி. தப்பித்தோம் என்று நெஞ்சு லேசானது. அந்த லேசுதான் பிற்பாடு அவளை நினைக்க நினைக்கக் கூசவைத்தது. காலை மிதித்ததைவிட அதிகமாக. மிதித்தது யோசிக்காமல் செய்தது. இந்த நிம்மதியில் அவள் முழுசாக, தெரிந்தே உட்கார்ந்திருந்தாள்.

அக்காவோ வந்த வேலை இன்னும் முடியாததுபோல் நிமிர்ந்தாள். "மேடம் மேல எந்தத் தப்பும் இல்லீங்க டாக்டர். மேடம் எல்லாம் நல்லாத்தான் எடுத்துச் சொன்னாங்க. எனக்குத்தான் மண்டையில ஏறல."

"அக்கா, போதும்," என்றாள் சின்னவள்.

கணக்குக்காரர் தாளிலிருந்து தலையைத் தூக்கினார்.

"இவங்க என் அக்கா டாக்டர். கூடப் பொறந்தவ. நான்தான் மேடம்னு கூப்பிடச் சொன்னேன். அன்னைக்கு உங்ககிட்ட இதத்தான் சொல்ல வாயத் தொறந்தா. நான் கால மிதிச்சு அடக்கிட்டேன்." அத்தோடு நிறுத்தியிருக்கலாம், ஆனால் நிறுத்த முடியவில்லை. "எது சொன்னாலும் தலையாட்டுவான்னுதான் கூட்டிட்டு வந்தேன். நீங்க வம்பு பண்ணாத ஆள் வேணும்னீங்க."

பெரிய டாக்டரின் முகத்தில் ஈயாடவில்லை. கோபப்பட வாயைத் திறந்தவர் கடைசி வாக்கியத்தில் இடறி நின்றுவிட்டார். அது தன் வாயிலிருந்து வந்ததுதான் என்று அவருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"உன் விஷயம் அப்புறம் பேசுவோம்," என்றார் கடைசியில். பிறகு அக்காவிடம், இந்த முறை வேறு குரலில், "அன்னைக்குச் சொல்ல வந்தத இன்னைக்குச் சொல்லுங்க. எப்படிக் கேட்டா உங்களால பதில் தர முடியும்? முழுசாக் கேக்கறோம்," என்றார்.

அக்கா மாட்டேன் என்று மெல்லத் தலையசைத்தாள்.

"வேணாங்க. நான் சொன்னா அது சரியா வராது. இங்க நான் நோயாளியா உக்காரல, இவளோட அக்காவா உக்காந்திருக்கேன். இப்பக்கூடப் பாருங்க, இவளக் காப்பாத்தத்தான் எனக்கு வாய் வந்துச்சு. எங்க ஆளுங்களப் பத்தி ஒரு வார்த்தை வரல." சின்னவள் பக்கம் திரும்பினாள். "சலவைக்கடைக்காரம்மான்னு ஒருத்தங்களப் பத்தி அன்னைக்குச் சொன்னியே. அவங்களே கூப்பிட்டுச் சொன்னாங்கன்னு. அவங்களக் கேளு. யாரும் கேக்காமலே சொன்னவங்க அவங்கதான்."

"கூப்பிடு," என்றார் பெரிய டாக்டர். "எல்லாரும் கேக்கற மாதிரி வை."

சின்னவள் கைபேசியை மேஜை நடுவில் வைத்து எண்ணைத் தட்டினாள். என்ன சொல்வது என்று மனதில் கோத்துப் பார்த்தாள். வணக்கம் அம்மா, உங்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். நீங்கள் சொன்னது சரி. உங்களை வைத்துத்தான் இதைத் திரும்பச் செய்யப்போகிறோம். எல்லா வாக்கியமும் தயாராக இருந்தது. மணி வெகுநேரம் அடித்தது. எடுக்க நேரமாகும் என்று இப்போது அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும், ஒருவரும் அசையவில்லை.

"ஹலோ?"

"அம்மா, நான் ஆஸ்பத்திரியிலேருந்து நர்ஸ் பேசறேன்..."

"ஐயோ, நர்ஸம்மா!" அந்தக் குரல் பதறிப்போனது. "மாத்திரையெல்லாம் அன்னைக்கே கொண்டாந்து குடுத்துட்டேனேம்மா. ஒண்ணுகூட வச்சுக்கலியே. இப்ப என்ன தப்புப் பண்ணிட்டேன்?"